கடன் நம் தலையில், பதில் சொல்ல யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

இங்கிலாந்தின் சர்ரேயில் உள்ள 11 மாவட்ட, பரோ கவுன்சில்களையும் கவுண்டி கவுன்சிலையும் கலைத்துவிட்டு, கிழக்கு சர்ரே, மேற்கு சர்ரே என்று இரண்டே கவுன்சில்களை அமைக்க அரசு முடிவு செய்திருக்கிறது. 2026 மே 7 அன்று அவற்றுக்குத் தேர்தல். 2027 ஏப்ரல் 1 முதல் நிர்வாகம் அவற்றின் கைக்குப் போகிறது. இணைப்பை நான் எதிர்க்கவில்லை. அவற்றில் ஒன்றான வோக்கிங் கவுன்சிலைக் கடனில் மூழ்கடித்த அதிகார முறையே புதிய கவுன்சிலிலும் தொடரப்போகிறது என்பதுதான் என் ஆட்சேபம்.

வோக்கிங் ரயில் நிலையத்தில் இறங்கி அண்ணாந்து பார்த்தால் விக்டோரியா ஸ்கொயர் கோபுரங்கள் தெரியும். உயரமானதற்கு 34 மாடி. பக்கத்திலேயே ஹில்டன் ஹோட்டல். ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வாழும் ஊரின் கவுன்சில், குப்பை அள்ளுவதையும் வீட்டு வசதியையும் கட்டட அனுமதியையும் கவனிக்க வேண்டிய கவுன்சில், இதற்காகக் கோடிக்கணக்கில் கடன் வாங்கியது. அந்தப் பணத்தைத் தனக்கும் பங்குள்ள கம்பெனிக்குக் கடனாகக் கொடுத்தது. 2023 ஜூன் 7 அன்று, வரவுக்குள் செலவை அடக்க முடியாது என்று 114-ஆம் பிரிவின் கீழ் அறிவிப்பு வெளியிட்டுக் கைவிரித்தது. அப்போது சொல்லப்பட்ட பற்றாக்குறை 120 கோடி பவுண்ட். அந்த ஆண்டுக்குக் கையில் இருந்த அடிப்படை நிதியோ 1.6 கோடி பவுண்ட். அந்தப் பற்றாக்குறையைப் பங்கிட்டால், குழந்தைகள் உட்பட ஊரில் உள்ள ஒவ்வொருவர் தலையிலும் 11,000 பவுண்டுக்கு மேல் வருகிறது. விரலுக்கேற்ற வீக்கம் என்பதைக் கேள்விப்படாதவர்கள் போட்ட கணக்கு இது.

வாக்காளர்கள் சும்மா இருக்கவில்லை. கடன் வாங்கிய காலத்தில் நிர்வாகம் கன்சர்வேடிவ் கட்சியின் கையில் இருந்தது. 2022 மே மாதம் ஆட்சி லிபரல் டெமாக்ரட் கட்சிக்குப் போனது. ஆன்-மேரி பார்க்கர் தலைவரானார். 2024 தேர்தலுக்குப் பின் 30 இடங்களில் லிபரல் டெமாக்ரட் 24, சுயேச்சைகள் 5, லேபர் 1. கன்சர்வேடிவ் கட்சிக்கு ஒரு இடம்கூட இல்லை. தண்டனை என்றால் இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. ஆனால் கடன் குறைந்ததா? 2024-இல் அரசின் தனி அனுமதியோடு கவுன்சில் டாக்ஸில் தன் பங்கைப் பத்து சதவீதம் உயர்த்தியதும், பொதுக் கழிப்பறைகளை மூடுவது போன்ற வெட்டுகளுக்குக் கை தூக்கியதும் புதிதாக வந்தவர்கள்தான். அவர்களுக்கும் மேலே அரசு நியமித்த ஆணையர்கள்.

ஏன் இப்படி ஆகிறது? கவுன்சில் தலைவரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. கவுன்சிலர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவர் தன் அமைச்சரவையைத் தானே நியமிக்கிறார். பெரிய முடிவுகள் அந்தச் சிலரிடமும் மூத்த அதிகாரிகளிடமும் உருவாகின்றன. மற்ற கவுன்சிலர்கள் அந்த முடிவுகளைக் கேள்வி கேட்க இருப்பது பெரும்பாலும் கண்காணிப்புக் குழுதான். அதன் தலைமையை எதிர்க்கட்சிக்குத் தந்தாக வேண்டும் என்று இங்குள்ள கவுன்சில்களுக்குச் சட்டம் இல்லை. ஆளுங்கட்சி மனம் வைத்தால் உண்டு. வணிக ரகசியம் என்று சொல்லிக் கம்பெனிக் கணக்குகளை மூடிய கதவுக்குள் பேசினால், வெளியே நிற்கும் நமக்குக் கோபுரம் எழும்புவது மட்டும்தான் தெரியும்.

மேற்கு சர்ரேயில் வோக்கிங்குடன் கில்ட்ஃபோர்ட், வேவர்லி, ரன்னிமீட், சர்ரே ஹீத், ஸ்பெல்தோர்ன் ஆகியவையும் சேர்கின்றன. ஸ்பெல்தோர்னும் அலுவலகக் கட்டடங்களை வாங்க நூறு கோடி பவுண்ட் அளவில் கடன் பட்ட கவுன்சில்தான். வோக்கிங் கடனில் 50 கோடி பவுண்டைத் தீர்ப்பதாக அரசு சொல்லியிருப்பது நல்ல செய்தி. மீதி? கடன் வாங்கிய கட்சி வோக்கிங்கில் ஆட்சியில் இல்லை, வாங்கிய கவுன்சிலும் இருக்கப்போவதில்லை. தவணையைக் கட்டப்போவது, அந்த முடிவுகளில் வாக்கே இல்லாதிருந்த கில்ட்ஃபோர்டுக்காரரும் சேர்ந்துதான்.

ஆகவே மூன்று கோரிக்கைகள். போட்டியிடும் ஒவ்வொரு கட்சியும், ஜெயித்தால் தலைவர் யார் என்பதை வாக்குப்பதிவுக்கு முன்பே அறிவிக்கட்டும். கண்காணிப்பு, தணிக்கைக் குழுக்களின் தலைமை எதிர்க்கட்சிக்கு என்று எழுத்தில் உறுதி தரட்டும். பழைய கவுன்சில்களின் கடன், கம்பெனி ஆவணங்கள் கலைப்போடு காணாமல் போகாமல் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படட்டும்.

நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரிட்டிஷ் குடியுரிமை இருந்தால்தான் ஓட்டு என்று பலர் நினைக்கிறார்கள். சட்டப்படி இங்கு வசிக்கும் இந்தியர், இலங்கையர் போன்ற காமன்வெல்த் நாட்டவருக்கும் கவுன்சில் தேர்தலில் வாக்குரிமை உண்டு. நேரில் வாக்களிக்கப் புகைப்பட அடையாளம் வேண்டும். காமன்வெல்த் நாட்டுப் பாஸ்போர்ட் செல்லும். கெடு முடியுமுன் பெயரைப் பதிவு செய்யுங்கள். வாசலுக்கு வரும் வேட்பாளரிடம் இந்த மூன்றையும் கேளுங்கள். மழுப்புகிறவருக்கு ஓட்டுப் போடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வோக்கிங், சர்ரே