பட்டன் கத்தியா, பேனாக்கத்தியா? சின்ன வியாபாரிகள் யோசிக்க வேண்டும்!

சென்னை பாரிமுனையிலும் ஈவினிங் பஜாரிலும் மொத்தக் கடையில் சரக்கெடுத்து, பஸ் நிலைய ஓரத்திலும் ரெயில் நிலைய வாசலிலும் கடை போடுகிற சின்ன வியாபாரிகள் ஏராளம். பூட்டு, டார்ச் லைட்டு, நகவெட்டி, சாவி வளையம் என்று அட்டையில் வரிசையாகத் தொங்கும். அந்த வரிசையில் பாக்கெட் கத்தியும் உண்டு.

மற்ற சரக்கு விற்காவிட்டால் முதல் முடங்கும், அவ்வளவுதான். கத்தி விஷயம் அப்படி இல்லை. தப்பான கத்தியை வாங்கித் தொங்கவிட்டால், விற்றாலும் தலைவலி, விற்காவிட்டாலும் தலைவலி.

மொத்தக் கடையில் கண்ணைப் பறிப்பது எது? கறுப்பு அலகு, பிடியில் மண்டை ஓடு, பட்டனை அமுக்கினால் 'டக்'கென்று பாயும் ஸ்பிரிங். "இதுதாண்ணே இப்ப ஓடுது, ரெண்டு டஜன் எடுத்துக்கிட்டுப் போங்க" என்பார் மொத்த வியாபாரி. அவருக்கென்ன, கைமாற்றி விட்டால் அவர் வேலை முடிந்தது.

தொங்கவிட்டால் வாலிபப் பசங்க கூட்டம் கூடும். அமுக்கிப் பார்ப்பார்கள், சிரிப்பார்கள், போய்விடுவார்கள். வாங்குகிற ஒருவனும் எதுக்கு வாங்குகிறான்? கொய்யாப்பழம் நறுக்கவா?

யார் வாங்குகிறார்கள்?

தினசரி கத்தி தேவைப்படுகிற ஆட்கள் வேறு. பார்சல் அட்டைப் பெட்டியைப் பிரிக்கிற கூரியர் பையன். சாக்குத் தையலை அறுக்கிற மளிகைக் கடைக்காரர். கயிறு வெட்டுகிற லாரி கிளீனர். ஒயர் தோலைச் சீவுகிற எலெக்ட்ரீசியன். மத்தியானம் டிபன் டப்பாவோடு ஒரு மாம்பழமும் கொண்டு வருகிற குமாஸ்தா. இவர்களில் யாரும் மண்டை ஓடு கேட்பதில்லை. மூன்று அங்குல அலகு போதும், கைக்கு அடக்கமாக இருக்க வேண்டும், மூன்று மாதத்தில் இளிக்கக் கூடாது. அது நன்றாக உழைத்தால் திரும்ப வருவார்கள், பக்கத்துச் சீட்டுக்காரரையும் கூட்டி வருவார்கள்.

பேனாக்கத்தி என்ற பெயரே அப்படி வந்ததுதான். இறகுப் பேனா முனையைச் சீவ வைத்திருந்த சின்னக் கத்தி அது. பேனா மாறியும் கத்தி நிலைத்துவிட்டது. பிரான்சில் 1890-ல் தொடங்கிய ஒப்பினல் கத்தி, மரப்பிடியும் ஒற்றை அலகுமாக இன்றும் விற்கிறது. 1955-ல் ஒரு பூட்டு வளையம் சேர்த்தார்கள். சுவிஸ் அதிகாரிக் கத்தி 1897-ல் வந்தது. இரண்டுமே ரொட்டியும் பழமும் வெட்டிப் பெயர் வாங்கியவை.

உத்தரப்பிரதேசத்து ராம்பூர் கத்தியின் கதை நேர்மாறு. இந்திப் பட வில்லன் கையில் ஏறிப் பிரபலமானது. அலகு நாலரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்று மாநில அரசு கட்டுப்பாடு போட்டது. தொழில் சுருங்கிவிட்டது.

மாட்டுவது கடைக்காரர்

சட்டம் என்ன சொல்கிறது? ஆயுதச் சட்டம் 1959-ஐச் சேர்ந்த ஆயுத விதிகள் 2016-ன் பட்டியலில் வாள், குத்துவாள் வகையறாக்கள் இருக்கின்றன. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட கத்திகளும் அதில் வருகின்றன. வீட்டு உபயோகம், விவசாயம், விஞ்ஞானம், தொழிற்சாலை வேலைக்கென்று செய்தவை மட்டும் விலக்கு.

டில்லியில் 1980-ல் போட்ட உத்தரவு இன்னும் கடுமை. பட்டன், ஸ்பிரிங் போன்ற எந்திர அமைப்பில் திறந்து மூடுகிற, 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் அதற்கு மேலும் உள்ள கத்திகளைத் தயாரிப்பதையும் விற்பதையும் விற்க வைத்திருப்பதையும் அது தடுக்கிறது. பட்டன் கத்தியோடு பிடிபட்ட ஒருவர் மீதான வழக்கை 2024-ல் சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்தது. காரணம், விற்பனைக்காக வைத்திருந்தார் என்று குற்றப்பத்திரிகையில் சொல்லப்படவில்லை.

இதைக் கடைக்காரர்கள் இரண்டு தரம் படிக்க வேண்டும். பையில் வைத்திருந்தவர் தப்பினார். கடையில் அடுக்கி வைத்திருப்பவருக்கு அந்தச் சாக்கு கிடையாது.

அது டில்லி உத்தரவு, சென்னைக்கு என்ன என்று கேட்கலாம். இங்கிருந்து டில்லிக்குப் பார்சல் போடுகிறவர்கள் அப்படிக் கேட்க முடியாது. சென்னையிலும் ஒரு தகராறில் கத்தி பிடிபட்டால் போலீசார் முதலில் கேட்பது "எங்கே வாங்கினே?" என்பதுதான். அதனால் மொத்தக் கடையில் பில் இல்லாமல் சரக்கெடுக்கவே கூடாது. பள்ளிக்கூடப் பையன் வந்து கேட்டால் "இல்லப்பா" என்று சொல்லிவிடுவது நல்லது. ஒரு போணி போனால் போகட்டும்.

சிவப்புப் பிடியில் வெள்ளைச் சிலுவை போட்ட டூப்ளிகேட் சுவிஸ் கத்தியும் வேண்டாம். போலி முத்திரைச் சரக்கை விற்றால், வணிகச் சின்னங்கள் சட்டம் 1999-ன்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை ஜெயில், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஒரு கத்தியில் கிடைக்கிற லாபத்தை இதோடு வைத்துப் பார்த்தால் சிரிப்புதான் வரும்.

விரல் பத்திரம்!

சட்டத்தைவிட அவசரமான விஷயம் வாங்குகிறவரின் விரல். மட்டமான மடக்குக் கத்தி வேலையின் நடுவே தானாக மடங்கும். அப்போது அலகுக்கும் பிடிக்கும் நடுவில் இருப்பது மனுஷன் விரல்.

எனவே எடுத்த எடுப்பில் இரண்டு டஜன் வாங்காமல், மாதிரிக்கு இரண்டு கத்தி வாங்கிப் பார்க்க வேண்டும். அலகைத் திறந்து இருபக்கமும் ஆட்டினால் லொடலொடவென்று ஆடக் கூடாது. மடக்கினால் முனை பிடிக்குள் முழுசாக மறைய வேண்டும், துருத்தினால் சட்டைப்பையையும் தொடையையும் கிழிக்கும். பூட்டு உள்ள கத்தி என்றால், விரலை மடங்கும் வழியில் வைக்காமல், அலகின் முதுகை மரப்பலகையில் லேசாகத் தட்டிப் பார்க்கலாம். பூட்டு நழுவினால் அந்தச் சரக்கே வேண்டாம். பூட்டில்லாத கத்தியில் ஸ்பிரிங் இறுக்கமாக நிற்க வேண்டும், ஆனால் திறக்கிறவர் நகம் பிய்ந்து போகவும் கூடாது. ஒரு பழைய நியூஸ் பேப்பரை அலகின் அடியிலிருந்து நுனி வரை இழுத்து வெட்டினால் எந்த இடத்தில் கூர் இல்லை என்று தெரிந்துவிடும்.

இரும்பைப் பற்றி அட்டையில் எழுதியிருப்பதை எல்லாம் நம்ப வேண்டியதில்லை. '440' என்று மட்டும் போட்டிருக்கும். அதில் ஏ, பி, சி என்று மூன்று தினுசு உண்டு, மூன்றுக்கும் உழைப்பு வேறு. 'டமாஸ்கஸ்' என்று அலை அலையாகக் கோடு போட்ட மலிவுக் கத்தியில் கோடு மேலே பொறித்ததாக இருக்கும். சாதாரண 420 எவர்சில்வர் அலகு சீக்கிரம் மழுங்கும்தான். ஆனால் சுலபமாகத் தீட்டலாம், சாணைக்காரரிடம் கொடுத்தால் உடனே கூர் ஏறும், துருவும் அவ்வளவாகப் பிடிக்காது. பாரிமுனை விற்பனைக்கு அது போதும். கார்பன் ஸ்டீல் நன்றாக வெட்டும், ஆனால் எலுமிச்சம்பழம் நறுக்கித் துடைக்காமல் வைத்தால் கறுத்துவிடும். விற்கும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும். ஊருக்கு விமானத்தில் போகிறவர் வாங்கினால், கைப்பையில் கத்தியை விடமாட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் திரும்பி வந்து கடைக்காரரைத்தான் திட்டுவார்.

பதினைந்து சாமான் ஒன்றாய்ச் சேர்ந்த கத்தி பார்க்கத் தடபுடலாக இருக்கும். மலிவில் வருகிறதில் கத்தரிக்கோல் நூலைக்கூட வெட்டாது. அலகு, மூடி திறப்பான், திருப்புளி மூன்றும் உருப்படியாக இருந்தால் அதுவே தாராளம்.

கடற்கரை ஊர் என்பதை மறந்துவிடக் கூடாது. அட்டையில் தொங்குகிற கத்திக்கு உப்புக்காற்றிலேயே புள்ளி விழும். மழைக்காலத்துக்கு முன்னால் ஒவ்வொரு கத்தியின் மூட்டிலும் ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டு, அலகைத் துணியால் துடைத்து வைத்தால், தை மாதம் வரை சரக்கு புதுசாகவே இருக்கும்.