அவுஸ்திரேலியாவுக்கு விடுமுறை: ஒரு பயணம், ஒரு பகுதி

டிசம்பர் குளிருக்குத் தப்பி, கனடாவிலிருந்து அவுஸ்திரேலியா போகும் நம்மவர் பலர், மூன்று வாரத்தில் முழு நாட்டையும் பார்த்துவிட நினைக்கிறார்கள். இது காசு கொடுத்துக் களைப்பை வாங்கும் வேலை.

ஏறத்தாழ 77 இலட்சம் சதுர கிலோமீற்றர் பரப்புள்ள அந்நாட்டில் இடத்துக்கு இடம் காலநிலை வேறு. டிசம்பரில் வடக்கே டார்வினில் மழையும் புழுக்கமும். கடலில் நச்சு ஜெலிமீன்கள். நடுவே உலுரு பக்கம் வெப்பம் 40 பாகையைத் தாண்டும். தெற்கே தஸ்மேனியாவில் மாலையில் குளிராடை தேவைப்படும். இளையவர்கள் தாங்குவார்கள். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து எடுக்கும் அம்மா அப்பா தாங்குவார்களா? நேர மாற்றத்தால் மருந்து வேளை குழம்பும். வெயிலில் நிற்கும் காரில் வைத்த இன்சுலின் கெட்டுவிடும்.

ஆகவே ஒரு பயணத்துக்கு ஒரு பகுதியே போதும். முதியோருடன் டிசம்பரில் போவதானால் தஸ்மேனியா நல்லது. வடக்கையும் நடுப்பகுதியையும் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை பார்க்கலாம்.

மருந்து வேளைகளை எப்படி மாற்றுவது என்று புறப்படுமுன் குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள். கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையில் மருத்துவ உடன்பாடு இல்லை. எனவே பயணக் காப்புறுதி கட்டாயம் எடுங்கள். பெற்றோரின் பழைய நோய்களை அதில் மறைக்காதீர்கள். மறைத்தால், ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும் உங்கள் தலையில் விழலாம்.