மறதிக்காரப் பெண்ணைத் திட்டாதீர்கள்!

சென்னை அபிராமபுரத்தில் ஒரு வீடு. காலை மணி 8.

பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட வேண்டிய பெண், வீடு முழுவதும் தேடிக்கொண்டு இருக்கிறாள். கணக்கு நோட்டைக் காணோம். நேற்று இரவு அவள்தான் எடுத்து வைத்தாள். எங்கே வைத்தாள்? அது அவளுக்கே தெரியாது!

"ஏண்டி, உன் புத்தி எங்கேதான் இருக்கு?" என்கிறாள் பாட்டி.

"ஏழாவது வரைக்கும் நல்லாத்தானே படிச்சா! வயசுக்கு வந்ததிலேருந்து இப்படி ஆயிட்டா" என்று அம்மா முணுமுணுக்கிறாள். அதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிகிறது. அம்மா அதை மறந்துவிட்டாள்!

இந்த வீடு கற்பனைதான். ஆனால், இப்படிப்பட்ட வீடுகள் அபிராமபுரத்திலும் உண்டு, அம்பாசமுத்திரத்திலும் உண்டு.

அந்தப் பெண் சோம்பேறியா? திமிர் பிடித்தவளா? இரண்டும் இல்லாமல் இருக்கலாம். அவளுக்கு இருப்பது "ஏ.டி.எச்.டி." என்ற குறைபாடாக இருக்கலாம்.

அது என்ன?

கவனம் ஓரிடத்தில் நிற்காது. வேலையை ஆரம்பித்தால் முடிக்க வராது. பொருள்கள் தொலையும். நேரம் போவது தெரியாது. சிலருக்குக் கையும் காலும் சும்மா இராது. இதுதான் ஏ.டி.எச்.டி.

இது வளர்ப்பினால் வருவது அல்ல. பெரும்பாலும் பரம்பரையாக வருவது. மகளுக்கு இருந்தால், தாய்க்கோ தகப்பனுக்கோ இருக்கக்கூடும். பால் பொங்கிய கதையை நினைத்துப் பாருங்கள்!

பையன் அகப்பட்டான்

1902-ம் ஆண்டு, லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை டாக்டர் இத்தகைய பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். அவர் குறித்த 20 பிள்ளைகளில் 15 பேர் பையன்கள். "இது பையன்களின் கோளாறு" என்ற எண்ணம் வெகுகாலம் நிலைத்துவிட்டது.

காரணம் என்ன? பையன் பெஞ்சு மேல் ஏறிக் குதிப்பான். வாத்தியார் உடனே தகப்பனாரைக் கூப்பிடுவார். பெண்ணோ, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பகற்கனவு காண்பாள். அவளால் வகுப்புக்குத் தொந்தரவு இல்லை. அதனால் அவளை யாரும் கவனிப்பது இல்லை.

சின்ன வகுப்பில் அம்மாவே பையை அடுக்கிக் கொடுப்பாள். குறை வெளியே தெரியாது. பெரிய வகுப்பில் பாடம் கூடும். அதே சமயம் உடம்பும் மாறும். அப்போதுதான் குட்டு உடைகிறது.

மாதத்தில் சில நாள்

மூளையில் "டோபமின்" என்று ஒரு ரசாயனம் உண்டு. நரம்புக்கு நரம்பு சேதி கொண்டு போகும் தபால்காரன் அது. கவனத்துக்கு அது மிகவும் தேவை.

பெண்ணின் சினைப்பையில் "ஈஸ்ட்ரோஜன்" என்ற ஹார்மோன் சுரக்கிறது. அது தபால்காரனுக்குத் துணை செய்கிறது. மாதவிலக்கு முடிந்ததும் இந்த ஹார்மோன் ஏறும். அடுத்த மாதவிலக்குக்கு முந்திய நாட்களில் இறங்கும். அது இறங்கும்போது, ஏ.டி.எச்.டி. உள்ள பெண்களில் பலருக்கு மறதியும் எரிச்சலும் கூடுகின்றன.

பிரசவம் ஆனதும் இந்த ஹார்மோன் திடீரென்று விழுகிறது. 45 வயதை ஒட்டி, மாதவிலக்கு நிற்கும் காலத்தில் ஏறி இறங்கி, பிறகு குறைந்துவிடுகிறது. அதுவரை சமாளித்து வந்த பெண்கூட, "எனக்கு என்ன ஆயிற்று?" என்று கலங்குகிறாள்.

ஒன்றை மறக்கக்கூடாது. ஹார்மோன் இந்தக் குறைபாட்டை உண்டாக்குவது இல்லை. இருக்கும் குறையைக் கூட்டிக் காட்டுகிறது. இந்த ஆராய்ச்சி இன்னும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. எல்லாப் பெண்களுக்கும் ஒரே மாதிரி இருப்பதும் இல்லை.

எல்லா மறதியும் இதுவா?

இல்லை! ரத்தசோகை இருந்தாலும் கவனம் சிதறும். 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்கு ரத்தசோகை! தைராய்டு கோளாறு, தூக்கக் குறைவு, மனக்கவலை ஆகியவையும் மறதியைத் தரும்.

ஆகவே முதலில் ரத்தப் பரிசோதனை செய்யவேண்டும். ஏ.டி.எச்.டி. என்று சொல்வதற்கு, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கி இருக்கவேண்டும். வீட்டிலும் பள்ளியிலும், இரண்டு இடத்திலும் தெரியவேண்டும். இதைத் தீர்மானிப்பது டாக்டரின் வேலை. பக்கத்து வீட்டுக்காரரின் வேலை அல்ல.

சர்க்கார் என்ன செய்தது?

2013-ல் மத்திய சர்க்கார், 18 வயது வரை உள்ள பிள்ளைகளைப் பரிசோதிக்கும் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் பார்க்கவேண்டிய குறைகளில் ஏ.டி.எச்.டி.யும் ஒன்று. இது நல்ல காரியம்.

ஆனால், 2016-ல் வந்த மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தைப் பாருங்கள். அதில் 21 வகைக் குறைபாடுகள் உள்ளன. ஆட்டிசம் இருக்கிறது, கற்றல் குறைபாடு இருக்கிறது. ஏ.டி.எச்.டி.யின் பெயர் இல்லை! ஒரு கை "கண்டுபிடி" என்கிறது. மறு கை உரிமைப் பட்டியலில் இடம் தரவில்லை.

பரிசோதிக்க வருகிறவர்களும் குதிக்கிற பையனை மட்டும் பார்த்துவிட்டுப் போனால், ஜன்னல் ஓரத்துப் பெண்ணுக்கு என்ன லாபம்?

நீங்கள் செய்யக்கூடியது

ஒரு நோட்டை எடுங்கள். மாதவிலக்குத் தேதியைக் குறியுங்கள். எந்த நாளில் மறதி, எந்த நாளில் அழுகை, எந்த நாளில் நன்றாகப் படித்தாள் என்பதையும் எழுதுங்கள். இரண்டு மூன்று மாதம் எழுதினால் போதும். டாக்டரிடம் காட்ட அதைவிட நல்ல சாட்சி வேறு இல்லை.

14416 என்ற எண்ணுக்கு போன் செய்யலாம். 2022-ல் தொடங்கிய அரசாங்க மனநல உதவி இது. காசு கிடையாது. கீழ்ப்பாக்கம் அரசு மனநல ஆஸ்பத்திரிக்கும் போகலாம். மருந்து உண்டு, பயிற்சியும் உண்டு. மருந்தின் அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

"சோம்பேறி" என்று பத்து வருஷம் கேட்ட பெண், தான் சோம்பேறிதான் என்று நம்பிவிடுகிறாள். அப்புறம் நோட்டு மட்டுமா தொலைகிறது? அவளுடைய தைரியமும் தொலைந்துவிடுகிறது.

நாளைக் காலையில் உங்கள் வீட்டில் நோட்டு தொலைந்தால், திட்டாதீர்கள். கூட நின்று தேடுங்கள்!