ஃபைலைப் பிடித்துக்கொண்டு கூட வர ஆள் இருக்கா?

"வெறும் சளிதாங்க ஐயா. லேகியம் ஏதாவது குடுங்க, வேலைக்குப் போகணும்."

போன வருடம் என்னிடம் வந்த ஒரு கட்டடத் தொழிலாளி இப்படித்தான் சொன்னார். இருமல் தொடங்கி ரெண்டு மாதம். உடம்பு இளைத்திருந்தது. ஆடாதோடை மணப்பாகும் தாளிசாதி சூரணமும் கொடுத்து, "அவசியம் எக்ஸ்-ரே எடுத்துட்டு வாங்க" என்று அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து எக்ஸ்-ரே இல்லாமலே வந்து மருந்து கேட்டார். நானும் கொடுத்துவிட்டேன். அது என் தப்பு.

பிறகு எடுத்த எக்ஸ்-ரேயில் ஒரு நிழல். சளியில் காசநோய்க் கிருமி இல்லை. ஆனாலும் ஓர் இடத்தில் காசநோய் மாத்திரையை ஆரம்பித்துவிட்டார்கள். நம் நாட்டில் நுரையீரலில் நிழலைக் கண்டால் முதலில் அந்த நினைப்புதான் வரும். மூன்று மாதம் ஓடியது. இருமல் நிற்கவில்லை, சளியில் ரத்தம். அப்புறம்தான் சி.டி. ஸ்கேன், பயாப்ஸி... நுரையீரல் புற்றுநோய்!

அவரைப் பார்த்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அவரவர் வேலையை அவரவர் செய்தோம். ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு அவரைக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் ஆள் இல்லை. ஸ்கேன் ஓர் இடம், பயாப்ஸி வேறு ஊர், ரிசல்ட் வாங்க இன்னொரு நாள். ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போச்சு. ரிசல்ட் தயாராகியும் பத்து நாள் கவுண்டரிலேயே கிடந்தது.

தமிழ்நாட்டில் வைத்தியத்துக்கு வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954 முதல் இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. மாத்திரை வீடு தேடி வரும்போது, எக்ஸ்-ரேயில் நிழல் தெரிந்த ஏழைக்கு, "நாளைக்கு ஸ்கேன், மறக்காம வாங்க" என்று போன் போட ஒரு நர்ஸை நியமிக்க முடியாதா? நியூயார்க்கில், ஹார்லெம் பகுதி ஏழைப் பெண்களின் மார்பகப் புற்றுநோய்க்காக டாக்டர் ஹெரால்டு ஃப்ரீமேன் 1990-லேயே இப்படி வழித்துணை ஆட்களை ஏற்பாடு செய்தார்.

அரசாங்கம் செய்யட்டும். அதுவரை? உங்கள் வீட்டு வாட்ச்மேன், வேலைக்கு வரும் அம்மா, டிரைவர்... யாராவது ரெண்டு வாரத்துக்கு மேல் இருமினால், பணம் கொடுத்து அனுப்புவதோடு நின்றுவிடாதீர்கள். பீடி, சிகரெட் பழக்கமே இல்லாத, காலமெல்லாம் விறகடுப்பில் ஊதிய பெண்களுக்கும் இது வரும். ஒரு நாள் கூடப் போங்கள். "அடுத்து எங்கே போகணும், யாரைப் பார்க்கணும், எந்தத் தேதி?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். எல்லாக் காகிதத்தையும் ஒரே ஃபைலில் போடுங்கள். வேறு ஆஸ்பத்திரிக்கு மாறினால் பயாப்ஸி பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள். அது இல்லாவிட்டால் சதை எடுக்கும் வேலையை மறுபடி செய்ய வேண்டிவரும். காசநோய் மாத்திரை சாப்பிட்டும் உடம்பு தேறவில்லையா? ஆறு மாதம் முடியட்டும் என்று காத்திருக்காமல் டாக்டரிடம் திரும்பக் கூட்டிப் போங்கள்.

என்னைப் போன்ற சித்த வைத்தியர் கொடுத்த மருந்து இருந்தால் அதன் பெயரையும் அந்த ஃபைலில் எழுதி, புற்றுநோய் டாக்டரிடம் காட்டுங்கள். சில சூரணங்கள் அவருடைய மாத்திரையோடு ஒத்துப்போகாது. "டாக்டர் திட்டுவாரோ" என்று பயந்து மறைப்பவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.