லென்ஸும் நிற்கும் இடமும்

பயணத்துக்கும் நிலக்காட்சிக்கும் எந்த லென்ஸ் வாங்கலாம் என்ற பேச்சு எங்கே தொடங்கினாலும் மூன்று வாக்கியங்கள் தவறாமல் வந்துவிடும். வைடு லென்ஸ் இடத்தை விரித்துக் காட்டும், டெலி லென்ஸ் தொலைவைச் சுருக்கும், 50 மி.மீ. லென்ஸ் மனிதக் கண்ணைப் போலப் பார்க்கும். மூன்றிலும் எழுவாய் லென்ஸ்தான். விரிப்பதும் சுருக்குவதும் பார்ப்பதும் அதன் வினைகள். கேமராவைப் பிடித்திருப்பவர் வாக்கியத்தில் எங்கும் இல்லை. வினையைச் செய்வது லென்ஸ் என்று மொழி சொல்லிவிட்ட பிறகு, நல்ல படம் வேண்டுமானால் விலையுயர்ந்த லென்ஸ் வேண்டும் என்ற முடிவுக்கு வர அதிக நேரம் ஆவதில்லை. மாதத் தவணையில் கேமரா வாங்கும் இளைஞருக்கு அந்த முடிவின் விலை பல மாதச் சம்பளம்.

இயற்பியல் இந்த வாக்கியங்களை ஏற்பதில்லை. ஒரு படத்தில் முன்னிருக்கும் பொருளும் பின்னிருக்கும் பொருளும் ஒன்றுக்கொன்று எவ்வளவு பெரியனவாகத் தெரியும் என்பதைத் தீர்மானிப்பது கேமரா நிற்கும் இடம். லென்ஸின் குவியத் தொலைவு செய்வது வேறொன்று. அந்த இடத்திலிருந்து தெரியும் காட்சியில் எவ்வளவு பகுதி சட்டகத்துக்குள் வரும் என்பதை அது வரையறுக்கிறது.

இதைச் சோதிப்பது எளிது. ஓரிடத்தில் நின்று 24 மி.மீ. லென்ஸால் ஒரு படமும், அடி நகராமல் 200 மி.மீ. லென்ஸால் மற்றொரு படமும் எடுக்க வேண்டும். முதல் படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டியெடுத்து இரண்டாவதன் அளவுக்குப் பெரிதாக்கினால், மரமும் வீடும் மலையும் ஒன்றுக்கொன்று கொண்டிருக்கும் அளவுறவு இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும். வேறுபடுவது நுணுக்கம். 24 மெகாபிக்சல் படத்தை அந்த அளவுக்கு வெட்டினால் மிஞ்சுவது ஏறத்தாழ 0.35 மெகாபிக்சல். டெலி லென்ஸுக்குக் கொடுக்கும் பணம் இந்த நுணுக்கத்துக்கான விலை. அது நியாயமான விலையாகவும் இருக்கலாம். ஆனால் வாங்குவது இன்னதென்று தெரிந்து வாங்க வேண்டும்.

திருவனந்தபுரத்தின் கரமனை இந்த வேறுபாட்டை விளக்க ஏற்ற ஊர். ஆறு, குறுகிய அக்கிரகாரத் தெருக்கள், நாகர்கோவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலை என்று மூன்று வகை நிலக்காட்சிகள் அங்கே அருகருகே உள்ளன. மூன்றுக்கும் விடை வெவ்வேறு.

முதலில் ஆறு. 68 கி.மீ. நீளமுள்ள கரமனையாறு அகத்தியமலைத் தொடரில் பிறந்து, பேப்பாறை, அருவிக்கரை அணைகளைக் கடந்து கரமனைக்கு வருகிறது. பின்னர் கோவளத்துக்கு அருகே அரபிக்கடலில் கலக்கிறது. அந்தத் தொடரின் உச்சியான அகத்தியர்கூடத்தின் உயரம் 1,868 மீட்டர். கரமனையிலிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ 35 கி.மீ. தொலைவு. மழை ஓய்ந்த தெளிவான காலையில் நகரத்தின் உயரமான இடங்களிலிருந்து அது தெரியும். அதன் முழு உயரமும் மறைவின்றித் தெரிவதாக வைத்துக்கொண்டாலும், 24 மி.மீ. லென்ஸ் அணிந்த ஃபுல் ஃபிரேம் கேமராவின் உணரியில் அந்த மலை விழும் உயரம் 1.3 மி.மீ. மட்டுமே. அதாவது படத்தின் உயரத்தில் பத்தொன்பதில் ஒரு பங்கு. 200 மி.மீ. லென்ஸில் அது 10.7 மி.மீ.; படத்தின் உயரத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு. நிலக்காட்சி என்றாலே வைடு லென்ஸ் என்ற நம்பிக்கையோடு மாடியேறியவர் எடுத்துவரும் படத்தில் வானமும் தென்னையும் கூரைகளும் இருக்கும். மலை ஒரு மேடாகக் கிடக்கும்.

இங்கே டெலி லென்ஸ் தேவை என்பதில் ஐயமில்லை. எனினும் 35 கி.மீ. காற்றை எந்த லென்ஸும் நீக்கிவிடாது. ஏப்ரல் மாத நண்பகலில் மூன்று லட்சம் ரூபாய் லென்ஸும் வெண்புகைத் திரையையே படம்பிடிக்கும். மழை ஓய்ந்த மறுநாள் காலை ஆறு மணிக்கு முப்பதாயிரம் ரூபாய் லென்ஸ் மலையைக் காட்டிவிடும். இடத்தைத் தேர்வதோடு நேரத்தைத் தேர்வதும் எடுப்பவரின் வினை.

அடுத்து நெடுஞ்சாலை. கரமனையிலிருந்து நாகர்கோவில் வழியாக ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குச் செல்பவர்கள் முப்பந்தலின் காற்றாலைகளையும் அவற்றின் பின்னே எழும் மலைத்தொடரையும் படமெடுக்காமல் திரும்புவதில்லை. டெலி லென்ஸ் மலையை இழுத்துக் காற்றாலைக்குப் பின்னால் நிறுத்தும் என்பது வழக்கமான விளக்கம். ஓர் எளிய கணக்கு போதும். காற்றாலைக்கு 3 கி.மீ. பின்னால் மலை இருப்பதாகக் கொள்வோம். காற்றாலையிலிருந்து 300 மீட்டரில் நிற்பவருக்கு மலை 3.3 கி.மீ. தொலைவில், அதாவது காற்றாலையைவிடப் பதினொரு மடங்கு தொலைவில் இருக்கிறது. அவர் காற்றாலையிலிருந்து 3 கி.மீ. தொலைவுக்குப் பின்வாங்கி நின்றால் மலை 6 கி.மீ.; காற்றாலையைப் போல இரு மடங்கு மட்டுமே. காற்றாலையோடு ஒப்பிட மலை ஐந்தரை மடங்கு பெரிதாகிவிட்டது. அதைச் செய்தது பின்வாங்கிய நடை. அவ்வளவு தொலைவிலிருந்து சட்டகத்தை நிரப்ப உதவியது மட்டுமே லென்ஸ்.

மூன்றாவது, தெரு. இங்கேதான் வைடு லென்ஸுக்கு உண்மையான நியாயம் உண்டு. உண்மையான ஆபத்தும் உண்டு. கரமனை அக்கிரகாரத்தின் பழைய வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக அமைந்தவை. முகப்பு குறுகியது, உட்புறம் நீண்டது. ஒரு வீட்டின் முகப்பை முழுமையாக எடுக்க வேண்டியவர் எதிர்வீட்டுச் சுவரில் முதுகு படும்வரை பின்வாங்கலாம். அதற்கு மேல் இடமில்லை. கூடத்துக்குள் நிற்பவருக்கும் இதே நிலை. பின்வாங்க இடமில்லாத இடத்துக்கு உரியது வைடு லென்ஸ். அதன் முதன்மையான நியாயம் இதுவே.

ஆபத்து எங்கே வருகிறது என்றால், அதே லென்ஸோடு தெருவின் நடுவில் நின்று நீளவாக்கில் எடுக்கும்போது. பக்கவாட்டில் கை நீட்டும் தொலைவில் இருக்கும் திண்ணை பெரிதாக விரிகிறது. தெருக்கோடி சுருங்கி எங்கோ போய்விடுகிறது. கைப்பேசித் திரையில் அதைப் பார்க்கும் கண்ணுக்கு ஒடுங்கிய தெரு அகன்ற வீதியாகத் தெரியும். விடுதி அறைகளை விளம்பரத்துக்காகப் பெரிதாகக் காட்டும் முறையும் இதுதான். வீடுகளின் முகப்பை அண்ணாந்து எடுத்தால் சுவர்கள் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்து நிற்கும்.

அழகுக்காக எடுக்கும் படத்தில் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்று சொல்லலாம். ஆனால் திருவனந்தபுரத்தின் அக்கிரகாரங்களில் ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாகக் கான்கிரீட் கட்டடங்களாகி வருகின்றன. இன்று எடுக்கப்படும் பயணப் படம் நாளை அந்த வீட்டுக்கு எஞ்சும் ஒரே சான்றாக இருக்கக்கூடும். திண்ணைக்கும் எதிர்த் திண்ணைக்கும் இடையே குரலை உயர்த்தாமல் பேசிக்கொள்ள முடிந்த தெரு அது. அந்த நெருக்கத்தில்தான் மலையாள நகரத்தின் நடுவே ஒரு தமிழ் தலைமுறை தலைமுறையாகப் பேசப்பட்டு வந்தது. படம் அந்தத் தெருவை அகன்ற வீதியாகக் காட்டினால், தெருவோடு சேர்ந்து அங்கே நிகழ்ந்த வாழ்க்கையைப் பற்றியும் பொய் சொல்கிறது. தெருக்கோடியில் நின்று 50 அல்லது 85 மி.மீ. லென்ஸால் எடுத்த படம் அடுத்தடுத்த திண்ணைகளை நெருக்கமாகக் காட்டும். தெருவின் இயல்புக்கு அதுவே அருகில் இருக்கும்.

இடம் நகர்ந்து சிக்கலைத் தீர்ப்பது புதிய உத்தி அன்று. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலைப் படமெடுத்தார். காகித நெகட்டிவ், கனத்த கேமரா, மாட்டுவண்டிப் பயணம் என்ற நிலையில், விமானத்தின் அடித்தளத்தில் நீண்டு செல்லும் கல்வெட்டுகளை ஒரே படத்தில் படிக்கும்படி அடக்க அவரிடம் வழி இல்லை. எல்லாவற்றையும் உள்ளடக்க அவர் அகன்ற பார்வையைத் தேடிப் போகவில்லை. அடித்தளத்தின் ஓரமாகக் கேமராவை நகர்த்தி நகர்த்தி எடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள தொடர்படம் ஆக்கினார். இன்றைய கணினி மென்பொருள்கள் இந்த ஒட்டும் வேலையை நிமிடங்களில் செய்கின்றன. 50 மி.மீ. லென்ஸால் நிமிர்த்திப் பிடித்து எடுத்த ஐந்து படங்களை இணைத்தால், வைடு லென்ஸ் இல்லாமலே ஓர் ஆற்றங்கரை முழுவதையும் அதிக நுணுக்கத்தோடு பதிவு செய்யலாம்.

குவியத் தொலைவுக்கு அடுத்தபடி பணத்தை விழுங்குவது துளை. எஃப் 2.8 லென்ஸ் என்பது இளைஞரிடையே ஒரு தகுதிச் சான்றாகவே ஆகிவிட்டது. நிலக்காட்சியில் முன்னும் பின்னும் தெளிவாக இருக்க வேண்டும் என்பதால் பெரும்பாலும் எஃப் 8 அல்லது எஃப் 11 வைத்தே எடுக்கிறார்கள். 24 மி.மீ. லென்ஸில் எஃப் 8 வைத்து 2.4 மீட்டரில் ஃபோகஸ் செய்தால், 1.2 மீட்டரிலிருந்து அடிவானம் வரை ஏற்கத்தக்க தெளிவு கிடைக்கும். எஃப் 2.8-க்குக் கூடுதலாகக் கொடுத்த பணம் அங்கே வேலை செய்வதில்லை. துளையை மிகவும் குறைத்து எஃப் 22 வைப்பதும் பயனற்றது. விளிம்பு விளைவினால் ஒளிப்புள்ளி ஏறத்தாழ 30 மைக்ரான் வட்டமாகப் பரவிவிடும். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் உணரியின் ஒரு பிக்சல் 6 மைக்ரான்தான்.

எடையையும் ஒப்பிட வேண்டும். நிக்கான் இசட் வரிசையில் எஃப் 2.8 லென்ஸ்களான 14-24 (650 கிராம்), 24-70 முதல் பதிப்பு (805 கிராம்), 70-200 (தாங்கு வளையத்தோடு 1,440 கிராம்) ஆகிய மூன்றும் சேர்ந்து 2,895 கிராம். அதே வரிசையின் எஃப் 4 லென்ஸ்களான 14-30 (485 கிராம்), 24-120 (630 கிராம்) இரண்டும் சேர்ந்து 1,115 கிராம். 120-க்கு மேல் 200 வரையிலான எட்டத்தை இழக்கிறோம், 1.8 கிலோ சுமை குறைகிறது. கரமனைப் பேருந்து நிறுத்தத்தில் நெரிசலில் ஏறுபவருக்கும், மலைப்பாதையில் நடப்பவருக்கும் அந்த 1.8 கிலோ என்பது இன்னும் அரை மணி நேர நடை. நல்ல இடம் பெரும்பாலும் அந்த அரை மணி நேரத்துக்கு அப்பால் இருக்கிறது. நிற்கும் இடமே படத்தைத் தீர்மானிக்கும் என்றால், நடக்க விடாத லென்ஸ் படத்துக்கு எதிரி.

எஃப் 2.8 தேவைப்படும் வேலைகள் இல்லாமல் இல்லை. விண்மீன்களை எடுப்பவருக்கும், விளக்கொளியில் உற்சவம் எடுப்பவருக்கும், பத்மநாபபுரம் அரண்மனையின் அரையிருளில் முக்காலியின்றி மனிதர்களை எடுப்பவருக்கும் ஒவ்வொரு நிறுத்தமும் மதிப்புள்ளது. அவர்கள் வாங்குவது தேவையை அறிந்த தேர்வு. வாதம் எதிர்ப்பது தேவையை அறியாமல் வாங்குவதை மட்டுமே.

திருவனந்தபுரத்துக்கு உரிய இன்னொரு காரணமும் உண்டு. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும் அந்த ஊரில் காற்று ஆண்டின் பெரும்பகுதி ஈரமாகவே இருக்கிறது. ஈரப்பதம் மிகுந்த இருட்டில், தோல் பைக்குள் மாதக்கணக்கில் கிடக்கும் லென்ஸின் கண்ணாடியில் பூஞ்சை சிலந்திவலை போலப் படரும். அது மேற்பூச்சை அரித்துவிட்டால் துடைத்தாலும் தடம் போகாது. காற்றோட்டமும் வெளிச்சமும் படும்படி அடிக்கடி பயன்படுத்தப்படும் லென்ஸை அது எளிதில் அண்டுவதில்லை. சிலிக்கா ஜெல் இட்ட காற்றுப்புகாப் பெட்டியில் வைத்து ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் காப்பது நல்லது. அதைவிட நல்லது, கைக்கு எட்டும் அளவுக்கு மட்டும் லென்ஸ் வைத்துக்கொள்வது.

வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கேமராவோடு வந்த 18-55 மி.மீ. லென்ஸால் ஓராண்டில் எடுத்த படங்களில் பிடித்த நூறு படங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றின் கோப்பிலும் பதிவாகியிருக்கும் குவியத் தொலைவைப் பார்க்க வேண்டும். பெரும்பாலானவை 55-இல் முட்டி நின்றால் டெலி லென்ஸ் பற்றி யோசிக்கலாம். 18-இல் முட்டி நின்றால், அந்தப் படங்களில் பின்வாங்க இடமிருந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். இடமிருந்தும் பின்வாங்கவில்லை என்றால் தேவை லென்ஸ் அன்று. இரண்டு முனைகளுக்கும் நடுவில் பரவிக் கிடந்தால் இருக்கும் லென்ஸே போதும். அந்தப் பணத்தில் உறுதியான முக்காலி ஒன்றும், கரமனையாற்றின் பிறப்பிடம் நோக்கி ஒரு பயணமும் கிடைக்கும். அப்போதும் ஐயம் தீராவிட்டால், வாங்க நினைக்கும் லென்ஸை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்க்கலாம்.

லென்ஸ் பற்றிய வாக்கியங்களில் லென்ஸுக்கு உரிய வேற்றுமை மூன்றாம் வேற்றுமை. மலையை 200 மி.மீ. லென்ஸால் எடுக்கலாம், தெருவை 50 மி.மீ. லென்ஸால் எடுக்கலாம். எடுப்பவர் யார், எங்கே நின்றார், எந்த நேரத்தில் நின்றார் என்ற கேள்விகளுக்கு விடை சொல்ல எழுவாயின் இடம் காலியாக இருக்க வேண்டும்.