அஸ்திவாரம் என்று பெயர் வைத்ததால் வந்த வினை

பம்பாய் கராஜ்களில் இன்ஜின் மவுண்ட்டுக்கு வழங்கும் பெயர் 'ஃபவுண்டேஷன்'. தாராவி தொண்ணூறு அடி ரோடானாலும் சரி, செம்பூரானாலும் சரி, அந்தச் சொல்தான். அதோடு ஒட்டிக்கொண்டு வரும் ஒரு வசனத்தைப் பத்து வருடமாகக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது: "ஃபவுண்டேஷன் கெட்டியா இருந்தாத்தான் அண்ணாச்சி வண்டி கெட்டியா நிக்கும்." மவுண்ட்டின் ரப்பர் கிழிந்ததா, மறுபடி ரப்பரே போடாதே, பாலியூரித்தேன் போடு, ஆயுசுக்கும் கவலையில்லை. கேபின் அதிர்கிறதே என்றால் அதற்கும் பதில் தயார்: "ஓட ஓட செட் ஆயிரும்."

எல்லாக் குழப்பமும் அந்தப் பெயரிலேயே தொடங்குகிறது. வீட்டு அஸ்திவாரத்தின் மேல் சுவர் சும்மா நிற்கிறது. மவுண்ட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் இன்ஜின் ஒரு நொடிகூடச் சும்மா இருப்பதில்லை. அதைத் தாங்கவும் வேண்டும், அதன் ஆட்டத்தைக் காரின் உடம்புக்குப் போகவிடாமல் விழுங்கவும் வேண்டும். கெட்டியான பொருள் முதல் வேலையை மட்டும்தான் செய்யும். இதை அந்த வசனம் பேசும் மெக்கானிக்குக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர் கராஜ் மூலையில் ஓடும் ஏர் கம்ப்ரஸரின் நான்கு கால்களுக்கும் அடியில் பழைய டயர்த் துண்டு வைத்திருக்கிறார். மாடியில் தையல் மிஷின் வரிசையாக ஓடும் தாராவிக் கட்டடங்களில், கீழே குடியிருப்பவர்களுக்கு இந்த விஞ்ஞானம் உச்சந்தலையிலேயே தெரியும். காருக்கு வரும்போது மட்டும் ஏன் மறந்துபோக வேண்டும்?

ஆயுசுக்கும் வருமாம். வரட்டும். கிழிகிற ரப்பர், அதிர்வைத் தான் வாங்கிக்கொண்டு கிழிகிறது. கிழியாதது அதை என் முதுகுக்கு அனுப்பிவிட்டு முழுசாக இருக்கிறது.

கியர் சுத்தமாக விழுகிறது என்பார்கள். ரேஸ் ஓட்டுகிறவனுக்கு அது தேவை. மாட்டுங்காவிலிருந்து சயானுக்கு இரண்டாம் கியரில் ஊர்கிறவனுக்கு அதனால் என்ன?

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இதை யாரும் கணக்குப் போட்டுச் சொல்வதில்லை என்பதுதான் என் ஆத்திரம். இன்று டாக்சியாக ஓடும் சின்னக் கார்களில் பலவும் மூன்று சிலிண்டர். ஐடிலில் நிமிடத்துக்கு 800 சுற்று என்றால், மூன்று சிலிண்டர் இன்ஜின் நொடிக்கு 20 முறை உதைக்கும். மவுண்ட் மேல் உட்கார்ந்த இன்ஜினுக்கும், ஊஞ்சலுக்கு இருப்பதுபோல, இயல்பான ஓர் ஆட்ட வேகம் உண்டு. மென்மையான ரப்பரில் அது நொடிக்கு 10 என்று வைத்துக்கொள்வோம். அப்போது உதையில் மூன்றில் ஒரு பங்குதான் காரின் உடம்புக்குப் போகும். மவுண்ட்டின் விறைப்பை இரண்டு மடங்காக்கினால் இயல்பு ஆட்டம் 14க்கு ஏறும். உதை அப்படியே முழுசாக உள்ளே வரும். மூன்று மடங்காக்கினால் 17ஐத் தாண்டி, உதையின் வேகத்துக்குப் பக்கத்தில் போய்விடும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் என்ன ஆகும்? இன்ஜின் கொடுத்ததைவிட மூன்று மடங்கு கேபினுக்கு வரும். பொருளின் உள்தணிப்பைச் சேர்த்தால் இந்த எண் கொஞ்சம் குறையும், ஆனால் போகும் திசை மாறாது. மூன்று மடங்கு விறைப்பு அபூர்வமும் இல்லை. ஷோர் ஏ அளவில் கடினம் 50லிருந்து 70க்குப் போனாலே விறைப்பு ஏறக்குறைய இரட்டிக்கிறது. 80க்குப் போனால் மூன்று மடங்கைத் தாண்டுகிறது. கடையில் விற்கும் பாலியூரித்தேன் துண்டுகளில் இந்த அளவுகள் சாதாரணம்.

"ஒரு ரவுண்டு போய்ப் பாருங்க, ஒண்ணும் தெரியாது" என்று சாவியைக் கொடுப்பார்கள். தெரியாதுதான். அதே இன்ஜின் 2400 சுற்றில் நொடிக்கு 60 முறை உதைக்கிறது. அந்த வேகத்தில் மென்மையான மவுண்ட் நூற்றில் மூன்று பங்கை உள்ளே விடும், மூன்று மடங்கு விறைத்தது ஒன்பது பங்கை விடும். இரண்டுமே சின்ன எண், கைக்கு வித்தியாசம் தெரியாது. ஈஸ்டர்ன் ஃப்ரீவேயில் ஓட்டிக் காட்டினால் எந்த மவுண்ட்டும் பாஸ். ஆனால் இந்த ஊரில் நாம் ஓட்டுவதா அதிகம், நிற்பதா? செம்பூரில் என் வண்டிக்குக் கெட்டி மவுண்ட் போட்ட மறுநாள், சயான் சிக்னலில் ஏ.சி. போட்டுக்கொண்டு நின்றேன். கம்ப்ரஸர் சேர்ந்ததும் ரியர்வியூ கண்ணாடியில் பின்னால் நின்ற பைக் இரண்டாகத் தெரிந்தது. டேஷ்போர்டில் வைத்த சில்லறைக் காசு தானாக நகர்ந்து கீழே விழுந்தது. கம்ப்ரஸர் நின்றதும் பைக் ஒன்றானது. பச்சை விழும்வரை இது நாலு முறை நடந்தது. நான் நாளுக்கு இரண்டு மணி நேரம் ஓட்டுகிறவன். பன்னிரண்டு மணி நேரம் அந்த ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் டாக்சிக்காரரின் மணிக்கட்டை நினைத்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

செட் ஆகுமாம். புதுத் துண்டு முதல் சில நாளில் ஒரு துளி இளகும், அவ்வளவுதான். அதற்கப்புறம் குறைவது அதிர்வல்ல, புகார். கை மரத்துப்போகிறது, காது பழகிவிடுகிறது, போய்ச் சொல்லச் சங்கடமாக இருக்கிறது. அதைத்தான் 'செட் ஆயிட்டு' என்று எழுதிக்கொள்கிறார்கள்.

ஐடிலை ஏற்றிவிடலாம் என்பது அடுத்த வைத்தியம். உதையின் வேகம் கூடுவதால் அதிர்வு கொஞ்சம் குறையும், உண்மை. நின்ற இடத்தில் பெட்ரோலும் கேஸும் எரியும், அதுவும் உண்மை. கதவிலும் தரையிலும் டேம்பிங் ஷீட் ஒட்டுவது இன்னொன்று. தகடு கிண்ணென்று பாடுவதை ஷீட் அடக்கும். நொடிக்கு 20 என்று வண்டி முழுவதும் ஆடும்போது அதற்கு அங்கே வேலையே இல்லை. ஆயிரக்கணக்கில் ரூபாய் இதில் போவதை என் தெருவிலேயே பார்க்கிறேன்.

பெரியவர்கள் சிலர் பழைய பத்மினி டாக்சியை இழுப்பார்கள். குர்லாவில் செய்த வண்டி, கடைசி டாக்சி 2003 அக்டோபர் 29 அன்று பதிவாகி, இருபது வருடம் முடிந்து 2023 அக்டோபர் 30இல் ஓய்வு பெற்றது. அதில் இந்தத் தொல்லை இருந்ததா என்று கேட்பார்கள். அந்த வண்டியும் ரப்பர் மேல்தான் உட்கார்ந்திருந்தது. அதில் இன்ஜின் நீளவாக்கில் இருக்கும், பின்சக்கரம் இழுக்கும். சக்கரத்தின் எதிர்முறுக்கைப் பின் ஆக்சிலே வாங்கிக்கொள்ளும். இன்றைய சின்னக் காரில் இன்ஜினைக் குறுக்கே வைத்து முன்சக்கரத்தை இழுக்கிறார்கள். முறுக்கு மொத்தமும் மவுண்ட்டுக்கு வருவதால் ஆக்சிலேட்டரை மிதித்ததும் இன்ஜின் துள்ளுவதுபோலத் தெரிகிறது. அந்தத் துள்ளலைப் பிடிக்கத்தான் பல வண்டிகளில் டார்க் ராட் என்று தனியாக ஒரு கம்பி இருக்கிறது. துள்ளுகிறதென்றால் அதைப் பாருங்கள். பாரம் தாங்கும் மவுண்ட்டை எதற்குக் கல்லாக்க வேண்டும்? 1931இல் கிறைஸ்லர் கம்பெனி தன் பிளிமத் காரின் நாலு சிலிண்டர் இன்ஜினை ரப்பரில் மிதக்கவிட்டது. அடுத்த வருடமே பிரான்சில் சிட்ரோயன் அந்த உரிமையை வாங்கி, மிதக்கும் அன்னத்தைச் சின்னமாக வைத்து விற்றது. தொண்ணூறு வருடத்துக்கு முன்பே முடிந்துபோன விவாதம் இது.

என் வண்டிக்கு மறுபடி கம்பெனி ரப்பரே போட்டேன். போல்ட்டுகளைக் கையால் மட்டும் முறுக்கி, ஜாக்கை இறக்கி, இன்ஜினைத் தன் பாரத்தில் தானே உட்காரவிட்டு, பிறகுதான் ஸ்பேனர் போடச் சொன்னேன். கோணலாக இழுத்து முறுக்கினால் நல்ல ரப்பரும் விறைத்துப்போகும். சைலன்ஸர் எங்காவது பாடியைத் தொடுகிறதா என்றும் பார்க்கச் சொன்னேன். டெஸ்ட் ரைடு போகவே இல்லை. கராஜ் வாசலிலேயே ஏ.சி.யைப் போட்டு ஐடிலில் ஐந்து நிமிடம் நிறுத்தி, கண்ணாடியில் பின்னால் நின்ற ஸ்கூட்டரின் நம்பர் பிளேட்டைப் படித்தேன். கடைசி எண்வரை படிக்க முடிந்த பிறகுதான் பர்ஸை எடுத்தேன்.