அரைப்பேர் நீதி

வலப்பனை முதலாய மலையகப் பகுதிகளில் கொழுந்து பறிப்போர்க்குக் குளவி புதிய பகையன்று. கொட்டுண்டவர் ஆசுபத்திரிக்குச் செல்வதும், சிலர் உயிர் துறப்பதும் நாம் அறிந்த அவலங்கள். கொட்டுண்ட உடல் சில நாளில் ஆறுகிறது. பக்கத்து நிரையில் நின்றவள் துடித்து வீழ்ந்ததைக் கண்ட மனம் அவ்வாறு ஆறுவதில்லை. உறக்கம் கெடுகிறது, சிறு இரைச்சலுக்கும் நெஞ்சு நடுங்குகிறது, அதே மலையில் ஏறக் கால் மறுக்கிறது.

இதனை வேலைக்கள்ளம் என்போர் உளர். மருந்துண்டால் அங்கொடை என்னும் ஊர்ப்பெயரையே ஏச்சாக்கி எறிவோரும் உளர். அறியாமையே இது. சர்வதேசத் தொழில் தாபனம் 2010 இல் திருத்திய தொழில்நோய்ப் பட்டியலில், பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோயும் இடம்பெற்றுள்ளது.

தேறியவர் வேலைக்குத் திரும்பும் நாளிலேதான் உண்மைச் சோதனை. மருந்தின் அயர்ச்சியால் கை முன்போல் ஓடாது. குறித்த கிலோ நிறையாவிடில் செக்றோலில் அரைப்பேர். இரண்டு வாரம் அரைப்பேர் பெற்றவர் மூன்றாம் வாரம் பெரட்டுக்கு வருவாரா? நோய் வீழ்த்தாதவரைத் தராசு வீழ்த்திவிடுகிறது. அரசாங்க உத்தியோகத்தருக்குச் சம்பளத்துடன் மருத்துவ விடுமுறை உண்டு. நாட்கூலிக்காரருக்கோ வராத நாள் பெயரில்லாத நாள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், இழந்த கைக்கும் கண்ணுக்கும் நூற்றுவீதம் வகுத்திருக்கிறது. அச்சத்தால் மலையேற இயலாதவர் எந்த உறுப்பைக் காட்டி வழக்குரைப்பார்? 2021 இல் சம்பளச் சபை நாட்சம்பளத்தை 1000 ரூபாவாக்கியபோது, கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தை விட்டு விலகின. சம்பளச் சபை கூலியை நிர்ணயிக்கும். நோயுற்றுத் திரும்புபவருக்கு இத்தனை கிலோ போதுமென்று எழுதிவைக்க ஒப்பந்தமே வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது இது: வைத்தியர் கடிதத்துடன் திரும்புபவருக்கு முதல் மூன்று மாதம் நிறை பாராது முழுப்பேர், அஞ்சிய மலையை விடுத்து வேறு மலையிலோ தவறணையிலோ வேலை. இது சலுகையன்று. வேலையைத் தக்கவாறு மாற்றி, மருத்துவத்தையும் உடன் நடத்துக என்று உலக சுகாதார தாபனம் 2022 இல் விதந்துரைத்த வழியே.

வைத்தியர்கள் அக்கடிதத்தைத் தயங்காது எழுதுக. வழக்கறிஞர்கள் அதன் பின் நிற்க. கூலியாள் அமர்த்தும் மரக்கறி விவசாயிகளும் இந்நெறியைத் தம் நிலத்திலேயே தொடங்கலாம். தொழிற்சங்கத் தலைவர்கள் அடுத்த பேச்சுவார்த்தையில் ரூபாவோடு இதனையும் மேசைமேல் வைக்கட்டும். முழு உழைப்பைக் கொடுத்து நோயைப் பெற்றவருக்கு அரைப்பேர் நீதி போதாது.